என் இரத்தத்தைக் கொடுத்தால் இளையவனையும் கொடுத்ததாகுமா?

வாசகர் கடிதம்:

"பிள்ளை, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் இருக்கிறன். வயது 67. மூத்தவனை 2009 மே மாதம் வட்டுவாகலில ஆமிக்காரரிட்ட கையளிச்சது. என்ர கையாலதான் குடுத்தனான். பிறகு ஒரு சேதியும் இல்லை. வந்த ஆணைக்குழு எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. போன கிழமை ஒருத்தர் ஃபோன் எடுத்து, 'டி.என்.ஏ எடுக்கப்போறம், அடையாள அட்டையோட வாங்கோ, வீட்டில இருக்கிற பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ' எண்டார். எந்த ஒஃபிஸ் எண்டு விளங்கேல்லை. இளையவன் போகவேண்டாம் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறான். அவன் சண்டை முடிய ஆமியின்ர புனர்வாழ்வு முகாமில இருந்து வந்தவன். இப்ப உழவு மெசின் ஓட்டுறான். 'உங்கட ரத்தத்தைக் குடுத்தா என்ர ரத்தத்தையும் குடுத்த மாதிரித்தான் அம்மா' எண்டுறான். அது உண்மையோ? கடைசியா ஒரு பொம்பிளைப்பிள்ளை. அவள் நான் பெத்தவள் இல்லை. கைக்குழந்தையா முள்ளிவாய்க்காலில எடுத்தது. அவளுக்கு அது தெரியாது. மூத்தவன்ர தொப்புள்கொடி போட்ட தாயத்து இண்டைக்கும் என்னட்ட இருக்கு. அதை மட்டும் குடுத்தாக் காணுமோ?"

அம்மா,

உங்கள் இளைய மகன் சொல்வது உண்மை. அதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசலாம். அவனைப் பயந்தவன் என்றோ, அண்ணனைத் தேட விருப்பமில்லாதவன் என்றோ தயவுசெய்து நினைக்காதீர்கள். பல படித்தவர்களுக்கு விளங்காத ஒன்று அவனுக்கு விளங்கியிருக்கிறது. விரலடையாளம் கொடுத்தால் அது கொடுத்தவரோடு முடிந்துவிடும். டி.என்.ஏ அப்படி முடியாது. ஆய்வுகூடத்தில் அதை ஏறத்தாழ 20 இடங்களில் பார்ப்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்கள் இருக்கும், ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தகப்பனிடமிருந்து வந்தது. உங்கள் எண்களில் பாதி மூத்தவனிடம் இருக்கிறது. அதனால்தான் ஓர் எலும்பை உங்களோடு ஒப்பிட்டு 'இது இந்தத் தாயின் பிள்ளை' என்று சொல்ல முடிகிறது. அதே கணக்கின்படி இளையவனிடமும் பாதி இருக்கிறது. ஒரு சிகரெட் அடிக்கட்டையிலோ தேநீர்க் கோப்பையிலோ அவன் விட்ட எச்சிலை எடுத்து உங்கள் எண்களோடு வைத்துப் பார்த்தால், அவன் யாருடைய பிள்ளை என்பது தெரிந்துவிடும். அவனிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கவேண்டியதில்லை.

இருந்தாலும் என் ஆலோசனை, கொடுங்கள் என்பதுதான். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பை நம்பி, இப்போதே, வெறுங்கையோடு போய்க் கொடுக்காதீர்கள். எதற்காகக் கொடுக்கிறேன், எதற்குக் கொடுக்கவில்லை என்பது எழுத்தில் இருக்கவேண்டும், அதன் பிரதி உங்கள் வீட்டில் இருக்கவேண்டும். அதற்குப் பிறகு கொடுங்கள். உங்களுக்கு 67 வயது. மகனுடைய எலும்பை நாளைக்கு அடையாளம் காட்டக்கூடிய மிகச் சிறந்த சாட்சி உங்கள் உடம்புதான். அது பத்திரமான ஓரிடத்தில் பதிவாகாமல் நீங்கள் கண்ணை மூடினால், அந்தச் சாட்சியும் போய்விடும். எத்தனையோ தாய்மார் அப்படிப் போய்விட்டார்கள். கிளிநொச்சிக் கந்தசாமி கோவிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் தொடங்கியபோது முன்வரிசையில் இருந்த பலர் இன்று இல்லை.

முதலில், யார் கேட்கிறார்கள்? அழைத்தவர் எந்த அலுவலகம் என்று உங்களுக்கு விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பலர் இந்த இடத்தில்தான் வழுக்கிவிடுகிறார்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் கேட்பது ஒன்று. நீதவானின் கட்டளைப்படி சட்ட வைத்திய அதிகாரி கேட்பது இன்னொன்று. பொலிஸ் கேட்பது வேறு. சீருடை இல்லாமல் மோட்டார் சைக்கிளில் படலையடியில் வந்து நிற்பவர் கேட்பது முற்றிலும் வேறு. காணாமலாக்கப்பட்டவரின் தாய் கட்டாயமாகத் தன் இரத்தத்தையோ எச்சிலையோ கொடுக்கவேண்டும் என்று இலங்கையில் எந்தச் சட்டமும் இல்லை. கொடுப்பது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் உதவிப்பணம் நிற்கும், பதிவு வெட்டப்படும் என்று யாரும் சொன்னால் அது சட்டமல்ல, மிரட்டல். அப்படிச் சொன்னவரின் பெயரையும் பதவியையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

அழைப்பு மறுபடி வந்தால் கடிதம் கேளுங்கள். தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரைப்படி வடக்குக் கிழக்கில் நிருவாக மொழி தமிழ். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு படிவத்தை நீட்டி, 'ஒண்டுமில்லை அம்மா, சும்மா ஒரு கையெழுத்து' என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் சனங்கள் விளங்காத தாளில் போட்ட கையொப்பங்களால் பட்டது காணும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: என் மாதிரியை எதோடு ஒப்பிடப் போகிறீர்கள்? 2023 ஜூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு நிலம் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் அகழ்வு நடந்தது. 2024 ஜூலையில் முடிந்தபோது 52 எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டிருந்தன. அவை 1994க்கும் 1996க்கும் இடையில் புதைக்கப்பட்டவையாக இருக்கலாம் என்பது தொல்லியல் முடிவு. நீங்கள் மகனைக் கையளித்தது 2009இல். அந்தக் குழிக்கென்று உங்களை அழைத்திருந்தால் அவசரத்துக்குக் காரணமே இல்லை. பொதுவான ஒரு மரபணு வங்கிக்கென்று அழைத்திருந்தால் அது வேறு விடயம். அதற்கு வேறு விதமான உத்தரவாதம் வேண்டும், ஏனென்றால் அங்கே உங்கள் எண்கள் பல வருடங்கள் இருக்கப்போகின்றன.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கு ஆறுதலாக இருப்பதையும் இல்லாததையும் ஒன்றாகவே சொல்கிறேன்.

உங்கள் பக்கம் நிற்கும் மிகத் தெளிவான வரி சர்வதேச சட்டத்தில் இருக்கிறது. வலிந்து காணாமலாக்கப்படுதலுக்கு எதிரான ஐ.நா. சமவாயத்தின் 19ஆவது உறுப்புரை, உங்கள் மகன் கேட்ட கேள்விக்கே பதிலாக எழுதப்பட்டதுபோல இருக்கும். காணாமலாக்கப்பட்ட ஒருவரைத் தேடுவதற்காகச் சேகரிக்கும் தனிப்பட்ட தகவலை, மருத்துவ, மரபணுத் தகவல் உட்பட, அந்தத் தேடலைத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தவோ கொடுக்கவோ கூடாது என்பது அதன் சாரம். விலக்கு இரண்டுதான். காணாமலாக்கிய குற்றத்துக்கான வழக்கில் பயன்படுத்தலாம், இழப்பீடு பெறும் உரிமைக்காகப் பயன்படுத்தலாம். இரண்டும் உங்களுக்குச் சாதகமானவை. இலங்கை இந்தச் சமவாயத்தை 2016 மே மாதம் ஏற்றுக்கொண்டது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதை உள்நாட்டில் செயற்படுத்துவதற்காக வந்தது.

ஆனால் இலங்கையில் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. நாடாளுமன்றம் அதை உள்நாட்டுச் சட்டமாக்கினால் மட்டுமே அது பிடிக்கும் என்று 2006இல் உயர்நீதிமன்றமே தீர்த்திருக்கிறது. ஆகவே 19ஆவது உறுப்புரையை நாங்கள் வேறு வழியாக உள்ளே கொண்டுவரவேண்டும். அந்த வழி உங்கள் படிவம். அதைக் கீழே சொல்கிறேன்.

காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. அதன் உறுப்பினர், உத்தியோகத்தர், ஆலோசகர் எல்லாரும் தங்களிடம் இரகசியமாகச் சொல்லப்பட்டதைக் காக்கக் கடமைப்பட்டவர்கள். அந்தத் தகவலை வேறொருவர் தகவல் அறியும் சட்டத்தின் வழியாகவும் கேட்டுப் பெறமுடியாது. இந்தப் பாதுகாப்பு 'இரகசியமாக' என்ற ஒரு சொல்லில் தொங்குகிறது என்பதைக் கவனியுங்கள். நீங்கள் கொடுக்கும்போது இது இரகசியமாகக் கொடுக்கப்படுகிறது என்று எழுதிக் கொடுத்தால் பிறகு யாரும் அதில் விவாதம் செய்யமுடியாது. அந்த அலுவலகத்தின் மேல் எங்கள் தாய்மாருக்கு நம்பிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும். அதன் காரணங்களும் தெரியும். அதன் கண்டறிதல்களால் யாருக்கும் குற்றவியல், குடியியல் பொறுப்பு ஏற்படாது என்று அதே சட்டம் சொல்வது அவற்றில் ஒன்று. நம்பச் சொல்லி நான் உங்களைக் கேட்கவில்லை. நம்பாமலே பயன்படுத்தக்கூடிய ஒரு பிரிவு அதில் இருக்கிறது என்று காட்டுகிறேன்.

மூன்றாவது, 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம். மரபணுத் தரவு அதில் விசேட வகைத் தரவாக வைக்கப்பட்டிருக்கிறது. என்ன நோக்கத்துக்கென்று சொல்லி எடுத்தார்களோ அதற்கு மட்டும் பயன்படுத்தவேண்டும், தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, கசிந்தால் அறிவிக்கவேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், பிழையைத் திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம். அரச நிறுவனங்களுக்கும் இது பொருந்தும்.

குறைகளும் உண்டு. இந்த உரிமைகள் அடங்கிய பகுதிகள் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்தன. அந்தத் திகதி தள்ளிவைக்கப்பட்டது. ஆகவே நீங்கள் கையொப்பமிடும் அன்று எந்தப் பகுதி நடைமுறையில் இருக்கிறது என்பதை என்னிடமோ உங்களுக்குத் தெரிந்த வேறு சட்டத்தரணியிடமோ கேட்டுக்கொண்டு போங்கள். அதைவிடப் பெரியது 40ஆவது பிரிவு. தேசிய பாதுகாப்பு, குற்றத் தடுப்பு, குற்றப் புலனாய்வு போன்றவற்றுக்காகச் சட்டத்தின் மூலம் விலக்கு அளிக்கலாம் என்கிறது. விலக்கு அவசியமானதாகவும் அளவோடும் இருக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. ஆனால் 'தேசிய பாதுகாப்பு' என்ற இரண்டு சொற்கள் வன்னியில் எவ்வளவு தூரம் நீளும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. இளையவனுடைய பயம் இந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது. டி.என்.ஏ வங்கிக்கென்று, தேடலுக்குக் கொடுத்ததை வேறெதற்கும் தொடக்கூடாது என்று தடை போடும் தனிச் சட்டம் ஒன்று இந்த நாட்டுக்கு வேண்டும். அது வரும்வரை குடும்பங்களிடம் இரத்தம் கேட்பவர்கள் அந்தத் தடையைத் தாங்களாகவே எழுதிக் கொடுக்கவேண்டும். அதைக் கேட்பது தாய்மாரின் பிடிவாதம் என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இல்லை. அது அவர்களின் உரிமை.

இந்தப் பயம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் 2022 பெப்ரவரியில் ஒரு விடயம் வெளிவந்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், குற்றவாளியைப் பிடிப்பதற்காகத் தன் டி.என்.ஏயைப் பல வருடங்களுக்கு முன் கொடுத்திருந்தார். பொலிஸ் ஆய்வுகூடம் அதை வைத்திருந்து, பிறகு ஒரு சொத்துக் குற்றத்தில் அவரையே சந்தேக நபராக்கியது. அங்கு பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது, கலிபோர்னியா மாநிலம் அதே ஆண்டு அதைத் தடுக்கச் சட்டம் செய்தது. பாதிக்கப்பட்டவராகக் கொடுத்தது சந்தேக நபராகத் திரும்பி வந்தது. உங்கள் மகன் ஃபோனில் படித்திருக்கமாட்டான், ஆனால் அவன் சொன்னது இதைத்தான்.

ஐரோப்பாவில் 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் 17 நீதிபதிகளும் ஒருமனதாக ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். குற்றவாளி என்று தீர்க்கப்படாத இருவரின் டி.என்.ஏயை பிரித்தானியப் பொலிஸ் காலவரையின்றி வைத்திருந்தது, தனிவாழ்வுக்கான உரிமையை மீறுவதாகும் என்றார்கள். அவர்களில் ஒருவர் பிடிபட்டபோது 11 வயதுச் சிறுவன். 2012இல் பிரித்தானியா சட்டத்தை மாற்றியது. இந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. வாதத்தில் காட்டலாம், நான் காட்டுவேன்.

நல்ல பக்கமும் இருக்கிறது, அதனால்தான் கொடுங்கள் என்கிறேன். பொஸ்னியாவில் சிரெப்ரெனிக்காவில் 1995இல் கொல்லப்பட்ட ஏறக்குறைய 8,000 பேரில் 7,000 அளவானோரைப் பெயரோடு குடும்பங்களிடம் திருப்பிக் கொடுத்தது டி.என்.ஏதான். அங்கே குடும்பங்களின் இரத்தத்தில் பெயர் ஒட்டப்படவில்லை. கோட்டுக்குறி (பார்கோட்) மட்டும் இருந்தது. ஆய்வுகூடத்தில் இருந்தவருக்கு அது யாருடைய இரத்தம் என்று தெரியாது. ஆர்ஜென்டினாவில் சர்வாதிகாரிகள் பறித்துக்கொண்டுபோன பேரப்பிள்ளைகளைத் தேடிய பாட்டிமார் போராடியதால் 1987இல் சட்டமே இயற்றி ஒரு மரபணு வங்கி அமைக்கப்பட்டது. இரத்தம் கொடுத்த சில பாட்டிமார் இறந்த பிறகும் அவர்களின் பேரப்பிள்ளைகள் கண்டுபிடிக்கப்பட்டார்கள். உங்களைப்போன்ற பெண்கள் தெருவில் நின்று வாங்கிய சட்டம் அது.

எங்கள் நாட்டிலும் இந்தப் பரிசோதனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ஒரு குழந்தை யாருடையது என்ற கேள்வி எழுந்தபோது, 2005இல் நீதிமன்றம் டி.என்.ஏ பார்க்கச் சொல்லித்தான் அது பெற்றவரிடம் சேர்ந்தது. 2015இல் கொட்டதெனியாவவில் ஒரு சிறுமியின் கொலைக்காகப் பிடிபட்ட பாடசாலை மாணவன் டி.என்.ஏ பொருந்தாததால் வெளியே வந்தான். இளையவனிடம் இதையும் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டு விடயம்.

பெண்பிள்ளையைப் பற்றி முதலில். அவளைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம். 'வீட்டில இருக்கிற பிள்ளையளையும்' என்று பொதுவாகச் சொன்னது எனக்கு ஆத்திரம் தருகிறது. வன்னியில் எத்தனை வீட்டில் எடுத்து வளர்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தெரியாதவர்கள் சொல்லும் சொல் அது. அவளைச் சகோதரி என்று பதிந்து மாதிரி எடுத்தால் இரண்டு கேடு வரும். ஒன்று, அவளுடைய எண்கள் உங்களோடு பொருந்தாது, ஒப்பீட்டில் குழப்பம் வரும். மற்றது, அவளுடைய பிறப்பின் உண்மையை ஓர் ஆய்வுகூட அறிக்கை, ஓர் எழுதுவினைஞர், ஒரு தடித்த கடித உறை சொல்லிவிடும். அது நீங்கள் மடியில் இருத்தி, உங்கள் வாயால், உங்களுக்குச் சரியென்று படும் நாளில் சொல்லவேண்டியது. அவளுக்கு 18 வயதாகவில்லை என்றால் அவளுக்காகச் சம்மதம் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் கையில். மறுங்கள். காரணம் கேட்டால், பெற்றோரின் மாதிரி போதும் என்று சொல்லுங்கள். அது விஞ்ஞானப்படியும் சரி. தாயும் தகப்பனும் கொடுத்தால் உடன்பிறந்தவர்களின் மாதிரி பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் பிற்காலத்தில் அவளைப் பெற்றவர்களைத் தேட அவளே விரும்பினால், அப்போது அவளுடைய டி.என்.ஏ அவளுடைய கேள்விக்காக எடுக்கப்படலாம்.

இளையவனும் கொடுக்கத் தேவையில்லை. தகப்பனைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவர் இருந்தால் அவருடையது வேண்டும். இல்லையென்றால், எலும்பு பழுதான நிலையில் இருக்கும்போது உங்களுடையது மட்டும் போதாமல் போகலாம். அப்போதுதான் இளையவனைக் கேட்கும் நிலை வரும். அந்த முடிவு அவனுடையது. அவனைத் தாயின் கண்ணீரால் கட்டிப்போடாதீர்கள்.

தாயத்தைப் பற்றி வாசித்தபோது கொஞ்சநேரம் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். எத்தனை இடப்பெயர்வு, எத்தனை பங்கர், அதற்குள்ளும் அதைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். அதில் இருப்பது உங்கள் மூத்தவனுடைய சொந்த டி.என்.ஏ. காய்ந்த தொப்புள்கொடியிலிருந்து டி.என்.ஏ எடுக்க முடியும், ஆனால் ஈரமும் வெக்கையும் பட்ட இத்தனை வருடத்துக்குப் பிறகு கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் எலும்பை நேரடியாக அவனோடே ஒப்பிடலாம். இதில் இளையவனுக்கு ஆபத்துச் சற்றுக் குறைவு, முழுக்க இல்லாமல் போகாது, அண்ணன் தம்பிக்கும் பொதுவான எண்கள் உண்டு. ஆகவே தாயத்தை மட்டும் கொடுத்தால் காணுமோ என்ற கேள்விக்கு, அதை நம்பி உங்களுடையதைக் கொடுக்காமல் விடவேண்டாம் என்பதே பதில். இரண்டாவது சாட்சியாக வையுங்கள். யாரிடமும் முழுதாகக் கொடுக்காதீர்கள். திறக்கவும் வேண்டாம், கையால் தொடத்தொட அதில் உங்கள் டி.என்.ஏயும் சேரும். கடதாசி உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் வையுங்கள், பொலித்தீன் பை வேண்டாம். பிறகு கொடுக்கும் நிலை வந்தால், நீதிமன்றப் பதிவேட்டில் ஏற்றி, சட்ட வைத்திய அதிகாரி முன்னிலையில் ஒரு துண்டை மட்டும் எடுத்து, மிச்சத்தை உங்களிடம் திருப்பித்தர வேண்டும் என்று நான் மனுப் போடுவேன்.

படிவத்துக்கு வருவோம். மாதிரி வேறு, அதிலிருந்து எடுக்கும் எண்கள் வேறு. எண்களில் உங்கள் நோய்நொடி பற்றி அதிகம் தெரியாது. ஆனால் பஞ்சில் எடுத்த எச்சிலிலும் அட்டையில் விட்ட இரத்தப் பொட்டிலும் எல்லாமே இருக்கிறது, பரம்பரை நோய் வரை. ஆகவே எண்கள் எடுத்தபின் அந்தப் பஞ்சுக்கும் அட்டைக்கும் என்ன நடக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். அவர்களுடைய படிவத்தில் இடம் இல்லாவிட்டால் பின்னால் உங்கள் கையால் அல்லது உங்களுக்கு நம்பிக்கையான ஒருவர் கையால் இதை எழுதிக் கையொப்பமிடுங்கள்:

"இந்த மாதிரியையும் அதிலிருந்து பெறப்படும் டி.என்.ஏ விபரத்தையும் நான் இரகசியமாகக் கொடுக்கிறேன். காணாமலாக்கப்பட்ட என் மகனைத் தேடுவதற்கும், மீட்கப்படும் மனித எச்சங்களை அடையாளம் காண்பதற்கும், அவரைக் காணாமலாக்கியவர்களுக்கு எதிரான வழக்குக்கும் மாத்திரம் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். வேறெந்தப் புலனாய்வுக்கும், பாதுகாப்புச் சரிபார்ப்புக்கும், உயிரோடிருக்கும் என் குடும்பத்தினர் எவரையும் அடையாளம் காண்பதற்கும் பயன்படுத்தவோ எவருக்கும் கொடுக்கவோ சம்மதிக்கவில்லை. நோக்கம் நிறைவேறியதும் மாதிரி அழிக்கப்பட்டு எனக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். இந்தச் சம்மதத்தை எப்போதும் திரும்பப் பெற எனக்கு உரிமை உண்டு."

வாங்குபவரின் பெயர், பதவி, முத்திரை, மாதிரியின் இலக்கம், திகதி எல்லாம் அதே தாளில் இருக்கவேண்டும். இந்த வரிகள் கருங்கல் மதில் என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கு ஒரு நீதிமன்றம் வேறு கட்டளை இட்டால் அதோடு மோதவேண்டிவரும். ஆனால் இவற்றை ஏற்று முத்திரை குத்தி வாங்கிய அரச நிறுவனம், பிறகு 'எங்களுக்கு அப்படி ஒரு நோக்கம் சொல்லப்படவில்லை' என்று சொல்லமுடியாது. அரசு கொடுத்த வாக்கை நம்பிய குடிமகனின் நியாயமான எதிர்பார்ப்பை, சமத்துவ உரிமையான 12(1) உறுப்புரையின் கீழ் எங்கள் உயர்நீதிமன்றம் பாதுகாத்து வந்திருக்கிறது. தனிவாழ்வுக்கான உரிமை என்று ஒன்று அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வெளிப்படையாக இல்லாததால், இந்தத் தாள்தான் எங்களுக்குப் பிடி.

வரிகளை எழுதவிடமாட்டோம் என்றால் அன்றைக்குக் கொடுக்காதீர்கள். அகழ்வு வழக்கு ஒன்றில் நீதவானின் கட்டளைப்படி எடுப்பதாக இருந்தால், அதே நிபந்தனைகளைக் கட்டளையிலேயே சேர்க்கும்படி நாங்கள் நீதிமன்றில் கேட்கலாம். உண்மையில் எனக்கு அதிகம் விருப்பமான வழி அதுதான். நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும் பொருளை ஓர் அதிகாரி நினைத்தபடி இன்னொருவருக்கு எடுத்துக் கொடுக்கமுடியாது.

பிறகு ஏதாவது பிழை நடந்தால், உதாரணமாக இளையவனை விசாரணைக்குக் கூப்பிட்டு 'உன்ர அம்மாவின்ர டி.என்.ஏ எங்களிட்ட இருக்கு' என்று யாரும் சொன்னால், அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர்நீதிமன்றத்தில் போடவேண்டும். 'பாப்பம், பாப்பம்' என்று இருந்தே பல வழக்குகள் கெட்டன. கொழும்புக்கு உடனே போக வசதியில்லையென்றால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம், வவுனியாவில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதம் கையில் இருக்கவேண்டும். தேடலில் பங்கெடுத்ததற்காக மிரட்டினால் அது தனிக் குற்றமாகலாம், 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இருக்கிறது. தரவுத்தளத்துக்குள் அனுமதியின்றி யாரும் புகுந்தால் 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை என்று தயங்கவேண்டாம், சட்ட உதவி ஆணைக்குழு வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்காடுகிறது.

இன்னொன்றை நீங்கள் தனியாகச் செய்யாமல் நாலு தாய்மார் சேர்ந்து செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: எடுக்கும் மாதிரிகள் எந்த ஆய்வுகூடத்துக்குப் போகின்றன, எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், யார் யாரோடு பகிர ஒப்பந்தம் இருக்கிறது, பொலிஸோ பாதுகாப்பு அமைச்சோ கேட்டால் என்ன செய்வதென்று விதி இருக்கிறதா? இது யாருடைய இரகசியமும் அல்ல, கொள்கை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அவர்கள் சொல்லவேண்டும். பதில் வந்தாலும் மறுத்தாலும் இரண்டும் எங்களுக்கு உதவும்.

தம்பிக்கு ஒரு வார்த்தை. நீ சொன்னது சரி என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறேன். அம்மா கொடுக்கப் போகும்போது நீ வெளியில் நில், உள்ளே போகாதே. ஆனால் அந்தத் தாளில் எழுதவேண்டிய வரிகளை நீயே உன் கையால் எழுதிக் கொடு, உன்னைக் காப்பதும் அவைதான். அந்த ஃபோன் நம்பர் அழியாமல் இருந்தால் எடுத்து வை.

அம்மா, படிவம் கைக்கு வந்ததும் கையொப்பமிடாமல் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் பார்த்துச் சொல்லும்வரை அவர்கள் காத்திருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சட்டத்தரணி, வவுனியா